திறவுகோல் யாரிடம்?

வீட்டை விலைக்கு வாங்குகிறோம். உள்ளறை ஒன்றின் திறவுகோலை மட்டும் விற்றவர் தர மறுக்கிறார். எவரேனும் இதற்கு ஒப்புவரோ? ஒப்பார். ஆயினும், மடிக்கணினி வாங்கும் மாணவருள் பலர் ஒப்பித்தான் வருகின்றனர்.

விண்டோஸில் ‘குரூப் பாலிசி எடிட்டர்’ என்றொரு கருவி உண்டு. விண்டோஸ் 2000 காலந்தொட்டு இருந்துவருவது. கணினி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் தந்து, ‘ஏற்கிறாயா, விலக்குகிறாயா, இருந்தபடி விடுகிறாயா?’ என்று கேட்கும். புதுப்பிப்பு ஏறியபின், உள்ளே ஒருவர் நுழைந்திருக்கும்வரை தானாக மறுதொடக்கம் செய்யாதே என்னும் விதியும் அங்குண்டு. இரவெல்லாம் ஓட வேண்டிய கணக்கை ஏற்றிவிட்டு உறங்கப் போகும் ஆராய்ச்சி மாணவனுக்கு அவ்விதியின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இக்கருவி உண்டு. விலை குறைந்த ஹோம் பதிப்பில் இல்லை. வேடிக்கையைக் கேளுங்கள்: இவ்விதிகளுள் பெரும்பாலானவை ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் பேரேட்டில் ஏறும் குறிப்புகளே. அப்பேரேட்டைத் திருத்தும் கருவி ஹோம் பதிப்பிலும் இருக்கிறது! விளக்கம் எழுதிய கதவை அடைத்துவிட்டு, விளக்கமில்லாத புழைக்கடை வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவ்வழியே போனாலும், சில விதிகளை அப்பதிப்பு பொருட்படுத்துவதில்லை.

“தெரியாதவர் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவாரே!” என்பர் சிலர். அப்படியானால், கெடுக்க எளிதான பேரேட்டைக் கொடுத்தது ஏன்? விதிப் பட்டியலில் தவறினால் ‘இருந்தபடி’ என்று மாற்றிவிடலாம். பேரேட்டில் தவறினால் கணினியே எழாமற் போகலாம். அறியாமையைக் காரணம் காட்டி அறியும் வழியை அடைப்பது அறமன்று என்பதே என் துணிபு.

ஆய்வகக் கணினிகளின் கதை வேறு. அவை பொதுச் சொத்து. அங்கே நிறுவனத்தின் விதி நம் விதியை மேவும். அது முறையே. நான் பேசுவது, நம் பணத்தில் வாங்கி நம் மேசைமேல் இருக்கும் பொறியைப் பற்றி.

நண்பர்களே! வாங்குமுன் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். “கருவியைக் கொண்டுவந்து தருகிறேன்” என்று முகந்தெரியாதவர் தரும் நிரல்களை ஓட்டாதீர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அடியோடு நிறுத்தாதீர்கள். நேரத்தை மட்டும் நீங்கள் குறியுங்கள். மாற்றிய விதியை ஏட்டில் எழுதி வையுங்கள். உடைமை நமதெனில், அதன் விதிகளைப் படிக்கும் உரிமையும் நமதே. அதைக் கூடுதல் விலைக்கு விற்பதை வழக்கமென்று ஏற்றுக்கொள்ளாதிருப்போம்.