பயிற்சியாளரை மாற்றினால் பந்து கூடையில் விழுமா?

கூடைப்பந்து ரசிகர்களைப் போலப் பொறுமைசாலிகள் இந்த நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. கிரிக்கெட் ரசிகருக்கு ஒரு தோல்வி வந்தால் அடுத்த வாரமே ஒரு வெற்றி கிடைத்துவிடும். கூடைப்பந்து ரசிகருக்கோ ஆண்டுக் கணக்கில் காத்திருப்பதே வேலையாகிவிட்டது.

2025 ஆகஸ்டில் சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்தில் இந்தியா ஜோர்டானை எதிர்த்து ஆடியது. 40 நிமிடங்கள் முடிந்தபோது இரு அணிகளும் சமநிலையில் நின்றன. ஷிப்டு முடிந்து தாராவிக்குத் திரும்பிய ரசிகரும், செம்பூரில் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்த இளைஞர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கூடுதல் நேரத்தில் ஆட்டம் கைநழுவியது. 91-84 என்ற கணக்கில் ஜோர்டான் வென்றது. அடுத்துச் சீனாவிடம் 100-69 என்று தோல்வி. மூன்றாவதாகச் சவுதி அரேபியாவிடமும் தோல்வி. மூட்டை கட்டியாகிவிட்டது.

"பயிற்சியாளரை முதலில் மாற்று!" என்று ரசிகர் கொதித்தார். அந்தக் கொதிப்பில் நியாயம் உண்டு. ஆனால் அது சரியான இடத்தில் பாய்கிறதா?

ஒன்பதுக்கு ஒன்பது

கணக்கைப் பார்ப்போம். 2017ல் லெபனானில் மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் தோல்வி. 2022ல் ஜகார்த்தாவில் மூன்று ஆட்டங்கள். மூன்றிலும் தோல்வி, அதுவும் ஒவ்வொன்றிலும் 40 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம். 2025ல் ஜெட்டாவில் மூன்று, மூன்றிலும் தோல்வி. அடுத்தடுத்து மூன்று ஆசியக் கோப்பைகளில் ஒன்பது ஆட்டங்கள் ஆடி, ஒன்பதிலும் தோற்றிருக்கிறது இந்தியா.

இந்த மூன்று முறையும் பயிற்சியாளர் ஒருவரே அல்ல. 2022ல் இருந்தவர் செர்பியரான வெசெலின் மாடிச். சாமானியரல்ல; 2009ல் ஈரானை ஆசியச் சாம்பியன் ஆக்கியவர். 2025ல் இருந்தவர் அமெரிக்கரான ஸ்காட் பிளெமிங். அவர்களுக்கு முன்பே, 2011ல், என்.பி.ஏ.வில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியைக் கவனித்த கென்னி நாட் வந்து போயிருக்கிறார்.

ஈரானில் ஜெயித்த மனிதர் இந்தியாவுக்கு வந்ததும் ஆட்டத்தை மறந்துவிட்டாரா? அப்படி இருக்க முடியாது. ஆள் மாறியும் பலன் மாறவில்லை என்றால், கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தோற்றவுடன் பயிற்சியாளரைக் கை காட்டுவதும் அந்தக் கதைதான்.

பத்து ஆண்டுக் கணக்கு

பிளெமிங்கின் கதையே இதற்குச் சாட்சி. அவர் முதலில் வந்தது 2012ல். இரண்டு ஆண்டுகள் அதே வீரர்களோடு பாடுபட்டார். 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில், சீன அணியை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று இந்தியா வீழ்த்தியது. சீனா தன் முழு பலத்தோடு இறங்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அதற்கு முன் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வெற்றி அது. ஒரே பயிற்சியாளர், ஒரே முறை, தொடர்ந்து உழைப்பு. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை ரசிகர்கள் அன்று கண்கூடாகக் கண்டார்கள்.

பிறகு நடந்தது என்ன? 2015ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனமே இரண்டுபட்டது. ஒரு தரப்பு பெங்களூரில் தேர்தல் நடத்தியது. இன்னொரு தரப்பு புனேயில் நடத்தியது. எது உண்மையான சம்மேளனம் என்ற வழக்கே பெரிதாகிவிட்டது. பிளெமிங்கும் அந்த ஆண்டோடு விலகினார். அதே 2015ல்தான் பஞ்சாபின் சத்னம் சிங், என்.பி.ஏ. அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். ஊரெல்லாம் கூடைப்பந்தைப் பற்றிப் பேசிய வேளையில், வீட்டுக்குள் பங்காளிச் சண்டை!

பத்து ஆண்டுகள் கழித்து அதே பிளெமிங்கை மீண்டும் அழைத்து வந்தார்கள். 2014ல் ஓடி ஆடிய கால்கள் அதற்குள் ஓய்ந்துவிட்டன. அந்த அணியைத் தொடர்ந்து வளர்த்திருந்தால் எங்கே போயிருக்கும்? இடையில் போன பத்து ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

முகாம் பயிற்சி போதாது

தேசிய அணியின் பயிற்சியாளர் மந்திரவாதி அல்ல. போட்டிக்கு முன் சில வாரங்கள்தான் வீரர்கள் அவர் கையில் இருக்கிறார்கள். பந்து கிடைத்த 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்த 24 விநாடிகளில் யார் எங்கே ஓடுவது, யாரை மறிப்பது, யாருக்குத் தருவது என்பதெல்லாம் சிந்தித்துச் செய்வதல்ல; சிறு வயதிலிருந்து உடம்பில் ஊறி வர வேண்டியது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

ஜோர்டானோடு கடைசிவரை மல்லுக்கட்டிய அணி, சீனாவிடம் 31 புள்ளிகளில் தோற்றதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. முதல் ஐந்து பேர் சளைத்தவர்கள் அல்ல. அவர்கள் களைத்து உட்காரும்போது, அதே தரத்தில் இறங்க அடுத்த ஐந்து பேர் வேண்டும். ஆண்டு முழுவதும் நடக்கும் லீக் போட்டிதான் அப்படிப்பட்ட பத்துப் பேரைத் தரும். 2015ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் சில பருவங்களோடு நின்றது. 2019 அக்டோபரில் வொர்லியில் என்.பி.ஏ. அணிகள் இரண்டு வந்து இரண்டு நாள் ஆடின. முதல் நாள் ஆட்டத்தை 3,000 பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் விருந்தாளி வந்து போன பிறகு வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

தமிழர்களுக்கு என்ன?

இதில் மும்பைத் தமிழர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

இந்திய அணியில் முயின் பெக் ஹபீஸ் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் ஆடியிருக்கிறார்கள். 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்ற அனிதா பால்துரை, 2021ல் பத்மஸ்ரீ பெற்றார். ரயில்வே, வங்கி, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரும் ஆட்டங்களில் கூடைப்பந்தும் ஒன்று. குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கும் கூலி வேலை செய்பவர் பிள்ளைக்கும் அது ஒரு படிக்கட்டு.

மும்பைக்கும் இந்த ஆட்டம் புதிதல்ல. இந்திய அணியின் தலைவராக இருந்து 1970ல் அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முன்தசிர், நாக்பாடா தெருக்கள் தந்தவர். மாட்டுங்காவில் இந்தியன் ஜிம்கானா இருக்கிறது. டான் பாஸ்கோ பள்ளியின் சேவியோ கோப்பை இருக்கிறது. ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தாராவிப் பையனுக்கு அந்த வாசல் எத்தனை தூரம்!

ஒரு கூடைப்பந்துக் களத்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் வேண்டும். பத்துக்குப் பத்து அறைகள் ஏறக்குறைய 45 அடங்கும் இடம் அது. தாராவியை மாற்றி அமைக்கும் திட்டம் தீட்டுவோர், அந்த 45 அறை அளவு இடத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். களத்தோடு, மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளரையும் போடட்டும். வெளிநாட்டுப் பயிற்சியாளருக்குத் தரும் கவனத்தில் பத்தில் ஒரு பங்காவது, பள்ளிக்கூடத்தில் விசில் ஊதும் பயிற்சியாளருக்குக் கிடைக்க வேண்டும்.

சம்மேளனம் செய்ய வேண்டியதும் சிக்கலானதல்ல. தலைமைப் பயிற்சியாளருக்கு நான்கு ஆண்டுகளாவது தர வேண்டும். அவர் போனாலும் முறை போகாதபடி, இந்தியத் துணைப் பயிற்சியாளர்களை அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் ஏன் தோற்றோம் என்று ரசிகர்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

ரசிகர் கோபப்படட்டும். அவருடைய கோபம்தான் இந்த ஆட்டத்துக்கு மிஞ்சியிருக்கும் உயிர். ஆனால் "பயிற்சியாளரை மாற்று" என்று கத்துவதோடு அவர் நிற்கக் கூடாது. "எங்கள் பிள்ளைக்குப் பயிற்சியாளர் எங்கே?" என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வரும் நாளில்தான் ஜெட்டாவில் தவறிய பந்து கூடையில் விழும்.