உதட்டுக் கொப்புளம்: யாரிடமிருந்து விலகி நிற்க வேண்டும்?

வகுப்பில் ஒருவரின் உதட்டோரம் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் தெரிந்தால் போதும், பக்கத்து நாற்காலி நகர்ந்துவிடுகிறது. கேலியும் தொடங்கிவிடும். வீட்டிலோ, “உடம்புச் சூடு, இளநீர் குடி” என்பார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

இதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்னும் வைரஸ். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவரிடம் இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பலர் இதைச் சிறுவயதிலேயே, கொஞ்சி முத்தமிட்ட உறவினரிடமிருந்து பெற்றிருப்பார்கள். பெரும்பாலோருக்கு அறிகுறியே இராது. ஆக, கேலி செய்பவரிடமும் இது இருக்கலாம்!

முதல் தொற்றுக்குப் பிறகு வைரஸ் முகத்தின் தொடு உணர்வைக் கடத்தும் நரம்பு வழியே சென்று, மண்டையோட்டுக்குள் இருக்கும் நரம்பணுக்களில் உறங்குகிறது. காய்ச்சல், கடும் வெயில், மன உளைச்சல் ஆகியவை அதை எழுப்பிவிடும். வந்த வழியே உதட்டுக்குத் திரும்பும். பாட்டி சொல்லும் ‘சூடு’ காய்ச்சல் என்றால் பாதி உண்மைதான். ஆனால் வைரஸ் இல்லாத உடலில் எந்தச் சூடும் இக்கொப்புளத்தை வரவழைக்காது. அசைக்ளோவிர் மருந்தும் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும், உறங்குவதை வெளியேற்றாது.

பக்கத்தில் உட்கார்ந்தால் இது தொற்றாது. கொப்புள நீரும் எச்சிலும் நேரடியாகப் படுவதே முக்கிய வழி. உதட்டில் குறுகுறுப்பு தோன்றும்போதே பரவத் தொடங்கலாம். சில வேளைகளில் புண்ணே இல்லாதபோதும் பரவும். எனவே புண் உள்ளபோது உதட்டுக் களிம்பையும் உறிஞ்சுகுழாயையும் பகிர வேண்டாம். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள், கருவிழி பாதிக்கப்படலாம். தோலோடு தோல் உரசும் ஜூடோ, மல்யுத்தப் பயிற்சிக்கும் ஆறும்வரை விடுப்பு எடுங்கள். (கன்னத்தின் உட்புறம் வரும் வெள்ளை வாய்ப்புண் வேறு. அது தொற்றாது.)

நாம் உண்மையில் அஞ்ச வேண்டிய இடம் வகுப்பறை அல்ல, தொட்டில். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால் மூளை, கல்லீரல் வரை பரவி உயிரையே பறிக்கக்கூடும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பச்சிளம் குழந்தை கைக்குக் கை மாறுவதையும், ஆளுக்கொரு முத்தம் கொடுப்பதையும் பார்க்கிறோம். உதட்டில் புண்ணோடு வரும் அத்தையைத் தடுத்தால் கோபித்துக்கொள்வார்தான். கோபித்துக்கொள்ளட்டும். புண் ஆறியபின் வந்து, கையைக் கழுவிவிட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கொஞ்சட்டும்.