‘கொஞ்சம் தண்ணி இருக்கட்டும் சார்’

பழைய மீன் தொட்டியை வெளியூருக்கு ஏற்றும் இடத்தில் இந்தக் குரல் தவறாமல் கேட்கும். “அடியில கொஞ்சம் தண்ணி இருக்கட்டும் சார். மீனும் அதுலயே வந்துடும், நல்ல கிருமியும் சாகாது.” அனுபவசாலி சொல்கிறாரே என்று தொட்டிக்காரரும் தலையாட்டிவிடுவார். அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடச் சரியில்லை.

கணக்கைப் பாருங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி. காலித் தொட்டியே 50 கிலோவைத் தொடும். நிரப்பினால் சுமார் 250 லிட்டர். கால்வாசி விட்டாலும் இன்னொரு 60 கிலோ. கூழாங்கல் கிடந்தால் அது தனி. இதை நாலு பேர் மாடிப்படியில் இறக்குகிறார்கள். மேலே பிடித்தவர் ஒரு படி பிந்தினால் போதும், தண்ணீர் முழுக்கக் கீழ்ப்பக்கம் ஓடிவிடும். பாரமெல்லாம் கீழே நிற்பவரின் மணிக்கட்டில். தடுமாறுகிறவர் கைக்கு அகப்படுவது மேல்விளிம்புக் கண்ணாடிப் பட்டை. சுவர் வெளியே பிதுங்காமல் இழுத்துப் பிடிக்க ஒட்டிய பட்டை அது. தூக்குவதற்கான கைப்பிடி அல்ல.

வண்டியில் ஏறியபின் இன்னும் மோசம். சமமான ஸ்டாண்டின் மேல், அசையாத தண்ணீரைத் தாங்கத்தான் அந்தத் தொட்டிக்குச் சிலிக்கான் வைத்தார்கள். குட்டி யானை பிரேக் போடும்போதெல்லாம் தண்ணீர் சுவரில் அறைகிறது. சென்னையிலிருந்து மதுரை 450 கிலோமீட்டர். அத்தனை தூரமும் இதே கதைதான். “நான் கொண்டுபோனேனே, ஒன்றும் ஆகலையே” என்பவர்கள் உண்டு. ஒட்டு வண்டியிலேயே விட வேண்டும் என்று கட்டாயமா என்ன? மூலையில் லேசாகப் பிரிந்து, ஊர் போய் முழுக்க நிரப்பிய பிறகு கசியலாம்.

கிருமி விஷயத்துக்கு வருவோம். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஏதாவதொரு பரப்பில் ஒட்டி வாழ்பவை. ஃபில்டர் ஸ்பான்ஜும் கூழாங்கல்லும்தான் அவற்றின் குடியிருப்பு. தண்ணீரில் மிதப்பது சொற்பம். ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, காற்றுப் புகும் வாளியில் ஈரம் காயாமல் வைத்தால் போதும். மூடிய கேனிஸ்டருக்குள் அப்படியே விட்டால் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். பழைய தண்ணீரைப் பொத்திப் பொத்திக் கொண்டுபோகிறவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

மீனுக்காவது நல்லதா? கிளறிய அடி அழுக்கு, உருளும் கல், சுவரில் மோதும் அலை. வண்ணமீனுக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில் வியாபாரிகள் மீனை எதில் வெளியூர் அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், வெளியே தெர்மாகோல் பெட்டி. முந்தின நாளே தீனியை நிறுத்திவிட்டால் பையில் கழிவும் குறையும்.

தொட்டி காலியாக, அடிப்பாகம் கீழே இருக்க, ஒரு அங்குலத் தெர்மாகோல் மேல் உட்கார வேண்டும். சுற்றிலும் கம்பளி. (காலியாகத்தானே இருக்கிறது என்று உள்ளே பாத்திரம் அடுக்குகிறவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) போய்ச் சேர்ந்ததும் வாசலிலேயே, சமதளத்தில் அதே தெர்மாகோல் மேல் வைத்து நிரப்பி, ஒருநாள் கசிவு பார்த்த பிறகே கூடத்துக்குள் கொண்டுபோக வேண்டும்.

பழைய தொட்டி விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்க வந்தவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் ட்யூப் போட்டுத் தண்ணீரை முழுக்க வடித்து, அடியைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஏற்றுங்கள். வண்டி அதுவரை நிற்கட்டும்.