அடிக்குறிப்பு அலங்காரமன்று

“கருத்து நன்றாயிருந்தால் போதாதா? எழுத்துக்கூட்டல், ஆண்டுக் கணக்கு, அடிக்குறிப்பு என்று இதழாசிரியர்கள் ஏன் இப்படிக் கழுத்தை அறுக்கிறார்கள்?” என்று ஆய்வுக் கட்டுரை எழுதும் நம் இளைஞர்கள் முறையிடுகின்றனர். அவர்தம் பேராசிரியர்களுள்ளும் சிலர் அதற்குத் தலையசைக்கின்றனர். இஸ்லாமிய ஆய்விதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பியனுப்பிவிட்டாலோ, ‘நம் சமுதாயத்தின் வரலாறு வெளிவருவதில் யாருக்கோ விருப்பமில்லை’ என்னும் பழியும் உடனே எழுந்துவிடுகிறது. இம்முறையீட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதைத் தருமபுரி மாவட்டத்தை வைத்தே சொல்லுவோம்.

இன்றைய தருமபுரியும், 2004-இல் அதனின்றும் பிரிந்த கிருஷ்ணகிரியும் சேர்ந்த நிலத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் பாராமகால் எனப்பட்டது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சியில் இருந்த அந்நிலம் 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. இப்பகுதியில் ஒரு குடும்பத்தாரின் டிரங்குப் பெட்டியில், பள்ளிவாசலுக்கு மானியம் அளித்த பார்ஸி ஆணை ஒன்று கிடப்பதாகக் கொள்வோம். அதில் 1218 என்று ஆண்டு எழுதியிருக்கிறது. நம் இளைஞர் அதனை எடுத்து, ‘ஹிஜ்ரி 1218’ என்று தாமே ஒரு சொல்லைச் சேர்த்துக் கட்டுரையில் எழுதிவிடுகிறார். ஹிஜ்ரி 1218 என்பது கி.பி. 1803-04. திப்பு சுல்தான் வீரமரணம் எய்தியதோ 1799-இல். பாராமகால் கைமாறியது அதற்கும் 7 ஆண்டு முன்னர். இறந்த மன்னர், தமக்கு உரிமையில்லாத நிலத்தில், மானியம் அளித்தாராம்! இதழின் ஆய்வாளர் அதனை ‘போலி ஆவணம்’ என்று ஒதுக்கினால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா?

உண்மை என்னவெனில், அந்த 1218 ஹிஜ்ரி ஆண்டே அன்று. ஆட்சியின் முதற்சில ஆண்டுகளில் ஹிஜ்ரி ஆண்டையே நாணயங்களில் பொறித்த திப்பு சுல்தான், 1787-ஐ ஒட்டி அதனை விடுத்து, பெருமானார் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து எண்ணும் ‘மௌலூதி’ ஆண்டைக் கொண்டுவந்தார். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை மட்டும் பின்பற்றுவதால் 354 நாளில் முடிந்துவிடும். மௌலூதி ஆண்டோ நம் நாட்டுப் பஞ்சாங்கத்தின் அறுபதாண்டு வட்டத்தோடு ஒட்டிச் செல்வது. ஆகவே மௌலூதி 1218 என்பது கி.பி. 1790-91, அப்போது பாராமகால் மைசூரின் கையில்தான் இருந்தது. ஆணை மெய்யானது, பொய்யாக்கியது கட்டுரையாளர் சேர்த்த ஒரு சொல். இதுமட்டுமன்று, அப்புதிய ஆண்டு பொறித்த நாணயங்களில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். அது தெரியாதவர் கையில் 1215 என்னும் ஆண்டு 5121 ஆகிவிடும். ‘மூலத்தில் உள்ளவாறே ஆண்டை எழுதுக; எந்த ஆண்டுமுறை என்று குறிப்பிடுக; கி.பி. ஆண்டைத் தனியே தருக’ என்று ஆய்விதழ் விதிப்பதை இன்னமும் கழுத்தறுப்பு என்பீர்களா?

இன்னொன்றும் கேட்கிறோம். பாராமகாலின் வரலாறு என்றதும் நம் பிள்ளைகள் யாரை எடுத்துக் காட்டுகிறார்கள்? அலெக்சாண்டர் ரீடையும், தருமபுரியில் இருந்து வரித்தண்டிய தாமஸ் மன்றோவையும், 1883-இல் சேலம் மாவட்டக் கையேட்டை எழுதிய லெபானுவையும்தான். அவர்கள் நம் மீது அன்பு பூண்டு எழுதியவர்கள் அல்லர். நிலத்தை அளந்து வரி வாங்க வந்தவர்கள். ஆயினும் ஒவ்வொரு கடிதத்திலும் நாளும் ஊரும் பெறுநர் பெயரும் குறித்தார்கள். அவற்றைக் கட்டி வைத்தார்கள். பிற்காலத்தில் சென்னை அரசு அவற்றை அச்சிலும் ஏற்றியது. நாமோ ‘முன்னோர் கூறுவர்’, ‘ஆய்வாளர் கருதுவர்’, ‘வரலாறு பகரும்’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். எந்த முன்னோர்? எந்த ஆய்வாளர்? எந்தப் பக்கத்தில் பகர்ந்தது அந்த வரலாறு?

‘இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார்’ என்று சங்கிலித் தொடராய் ஆட்களை நிறுத்தி, ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நாணயத்தையும் எடைபோட்டு, அதன்பின்னரே ஒரு செய்தியை ஏற்ற ஹதீஸ் கலை வல்லுநர்களின் வழிவந்தவர்கள் நாம். அந்த ‘இஸ்னாத்’தின் வேலையைத்தான் இன்று அடிக்குறிப்பு செய்கிறது. மேலைநாட்டார் நம்மீது சுமத்திய புதுச்சடங்கு என்று அதனை இகழ்வோர் தம் வீட்டுப் பொருளையே அடையாளம் காணாதவர்கள். இவர்களே ‘புகாரி’ என்று ஒற்றைச் சொல் எழுதி ஒரு நபிமொழிக்கு ஆதாரம் காட்டிவிட்டதாய் அமைதி கொள்கிறார்கள். 7,000-க்கும் மேற்பட்ட அறிவிப்புகள் கொண்ட நூலில் படிப்பவர் எங்கே தேடுவார்? எண் தந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். ஆதலின் எந்தப் பதிப்பு, எந்தப் பாடம் என்பதும் வேண்டும்.

எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். தருமபுரிப் பகுதியில் வீட்டில் உருது பேசும் முஸ்லிம்களும் உளர், தமிழ் பேசுவோரும் உளர். அவர்கள் ‘ரம்ஜான்’ என்பர். இவர்கள் ‘ரமலான்’ என்பர். ‘ரமழான்’ என்று எழுதுவாரும் உண்டு. மூன்றும் மரபே, எதுவும் பிழையன்று. ஒரே கட்டுரையில் மூன்றும் வருவதுதான் பிழை. ஒரு பக்கத்தில் காஜி, மறுபக்கத்தில் காழி, அடிக்குறிப்பில் காதி என்று எழுதினால் படிப்பவர் மூன்று பதவிகள் இருந்தனபோலும் என்று மயங்குவார். (இலங்கையில் காதி நீதிமன்றம் என்பதே வழக்கு, நம்மூர்க்காரருக்கோ காதி என்றால் கதர்த்துணிதான் நினைவுக்கு வரும்.) நம் தமிழெழுத்தில் ‘ஸ’ ஒன்றே அரபியின் மூன்று எழுத்துகளுக்கு நிற்கிறது, ‘ஹ’ இரண்டுக்கு நிற்கிறது. இக்குறையை அறிந்த நம் பாட்டிமார் காலத்து ஆலிம்கள் அரபுத் தமிழில் என்ன செய்தார்கள்? அரபி எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புது எழுத்துகள் அமைத்தார்கள். அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால், கட்டுரையின் தொடக்கத்தில் எழுத்துமாற்று அட்டவணை ஒன்று போட நமக்குக் கை வராதா?

எதிர்ப்புறத்தாரையும் விட்டுவைக்க மனமில்லை. பக்கத்தின் ஓரம் எத்தனை அங்குலம், எழுத்தின் அளவு பன்னிரண்டா பதினான்கா என்பதை மட்டும் அளந்து பார்த்து, உள்ளே இருப்பதைப் படிக்காமலே, கட்டணம் பெற்றுக்கொண்டு அச்சிடும் ‘ஆய்விதழ்’கள் மலிந்துவிட்டன. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை காட்ட அவை உதவலாம். அத்தகைய இதழில் மேற்சொன்ன ஹிஜ்ரி 1218 அழகிய எழுத்தில், நேரான ஓரத்தோடு அச்சாகும். அடுத்த கட்டுரையாளர் அதனை மேற்கோள் காட்டுவார். ஐந்தாண்டில் அது ‘வரலாறு’ ஆகிவிடும். முறையின்மையைக் காட்டிலும் இந்த முறைவேடம் கொடியது.

வாசக நேயர்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் வீட்டில் பார்ஸியிலோ உருதுவிலோ அரபுத் தமிழிலோ பழைய தாள் எதுவும் இருக்குமானால், படியெடுக்க வரும் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். மூலத்தைக் கொடுத்துவிடவும் வேண்டாம். உங்கள் கண்முன்னே இருபுறமும் படமெடுக்கச் செய்யுங்கள். பின்புறத்து முத்திரையும் கிறுக்கலும்கூடச் சான்றுகள்தாம். எவர் வீட்டில், எந்த ஊரில், என்று பார்த்தது என்பதை உங்கள் இசைவோடு எழுதச் சொல்லுங்கள். தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்பினால், ஊகித்த இடத்தைப் பகர அடைப்புக்குள் இடச் சொல்லுங்கள். கட்டுரை அச்சானதும் ஒரு படியை அந்தத் தாளோடு சேர்த்து அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.