பனையை வெட்ட அனுமதி: அறிவிப்பு உண்டு, சட்டம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டில் பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் இது அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பட்டா நிலத்துப் பனையை அதன் சொந்தக்காரர் விரும்பியபோது விற்றார், அறுத்தார், கேட்பாரில்லை. விண்ணப்பத்தை உழவன் செயலி வழியே கொடுக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. 1978 முதல் மாநில மரமாக இருக்கும் ஒன்றுக்கு நாற்பது ஆண்டு கழித்துக் கிடைத்த முதல் காவல் இது. அந்தக் காவல் இன்றுவரை முழுமை பெறவில்லை என்பதே இக்கடிதத்தின் முறையீடு.

அனுமதி எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் முதலில் தெளிவு தேவை. ஆண்டுதோறும் காய்ந்த மட்டையைக் கழிப்பது, ஓலை வெட்டுவது, பன்னாடை எடுப்பது, பாளை சீவிப் பதநீர் இறக்குவது, நுங்கு வெட்டுவது எல்லாம் பனையைப் பேணும் வேலைகள். மட்டை கழிக்காத பனையில் ஏறவே முடியாது. அப்படிப்பட்ட மரம் வருமானம் தராது. வருமானம் தராத மரம்தான் முதலில் விலைக்குப் போகிறது. ஆகவே மரத்தைத் தொட்டாலே அனுமதி என்று யாராவது பொருள் கொண்டால் பனையேறிகள் அலைக்கழிக்கப்படுவார்கள். மரத்தை வீழ்த்துவதற்கும், குருத்தைச் சிதைத்துச் சாகடிப்பதற்கும் மட்டுமே அனுமதி தேவை என்று விதியில் எழுத்திலேயே இருக்க வேண்டும்.

குருத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. வேம்பையும் புளியையும் அடியோடு வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்ப்பதற்கு வாய்ப்பிருக்கிறது. பனைக்கு வளரும் முனை உச்சியில் உள்ள ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரம் போயிற்று. மரம் ஆணா பெண்ணா என்பது முதல் பாளை வெளிவரும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். வறண்ட தேரிக்காட்டில் அதற்கு மேலும் ஆகலாம். நூறாண்டு நிற்கக்கூடிய மரத்தை இயந்திர ரம்பம் சில நிமிடங்களில் சாய்த்துவிடுகிறது. வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நட வேண்டும் என்ற நிபந்தனையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பனங்கொட்டையைப் புதைப்பது எளிது. அது வடலியாகி, ஆடு மாடு மிதிக்காமல், தீயில் கருகாமல் தப்பிப் பாளை விடும் வரை பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? நட்டதற்குப் புகைப்படம் மட்டும் கேட்கும் நிபந்தனை மரத்தை மீட்டுத் தராது. நட்ட இடத்தில் மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் வடலி நிற்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்தால்தான் அது ஈடு எனப்படும்.

பனை நிற்கும் இடமும் முக்கியம். பட்டா நிலத்தில் நிற்பது சொந்தக்காரருடையது. ஏரிக்கரை, குளக்கரை, வாய்க்கால் ஓரம், சாலையோரப் புறம்போக்கில் நிற்பது அரசுடையது. அதன் பலனை மட்டும் ஒருவர் அனுபவிக்க 2சி பட்டா கொடுக்கும் பழக்கம் வருவாய்த் துறையில் உண்டு. கரையில் நிற்கும் பனைகளின் சல்லிவேர்கள் மண்ணை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் பல கண்மாய்க் கரைகள் பெருமழையிலும் நிற்கின்றன. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. இத்தகைய கரைப் பனைகளைச் சாலை விரிவாக்கம், கரை பலப்படுத்தும் பணி என்ற பெயரில் அரசுத் துறைகளின் ஒப்பந்ததாரர்களே பொக்லைனால் பிடுங்கிப் போடும் ஊர்கள் உண்டு. தனியாருக்கு ஆட்சியர் அனுமதி வேண்டுமென்றால் அரசுப் பணிக்கும் அதே அனுமதி, அதே படிவம், அதே நேரடி ஆய்வு வேண்டும். பணி ஆணை கொடுத்த பிறகு மரத்தைப் பற்றி யோசிப்பது அனுமதி ஆகாது; மதிப்பீடு தயாரிக்கும் நாளிலேயே பனைகளை எண்ணி வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

செங்கல் சூளைதான் பனையின் பெரிய எதிரி. மனைப்பிரிவுக்காக ஒரு வயலை வாங்குபவர் முதலில் செய்வது வரப்புப் பனைகளைச் சூளை வியாபாரிக்குச் சொற்ப விலைக்குத் தள்ளிவிடுவது. மரம் சாய்ந்ததும் துண்டுகளாக அறுபட்டு, தார்ப்பாய் மூடிய லாரியில் இரவோடு இரவாகப் போகிறது. கிராம நிர்வாக அலுவலர் மறுநாள் வந்தால் அங்கே இருப்பது சமன்படுத்திய மண். எத்தனை மரம் நின்றது என்பதற்கே ஆதாரம் இல்லாதபோது எதன் மீது நடவடிக்கை எடுப்பது? மாநிலத்தில் ஐந்து கோடிப் பனைகள் இருப்பதாகப் பல காலமாக ஒரே எண் சொல்லப்பட்டு வருகிறது. ஊர்வாரியாக, புல எண் வாரியாக எண்ணிய பதிவேடு இல்லாமல் அந்த எண்ணால் ஒரு மரத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை சட்டத்தில் இருக்கிறது. சந்தன மரத்துக்கு 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தில் தனி விதிகள் உண்டு. நீலகிரி போன்ற மலைப்பகுதி மரங்களுக்கு 1955இல் சட்டம் வந்தது. ஈட்டி மரத்துக்கென்றே 1994இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பனைக்கென இப்படித் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. புறம்போக்குப் பனையை வெட்டினால் அரசுச் சொத்தைத் திருடியதாக வழக்குப் போடலாம். பட்டா நிலத்துச் சொந்தக்காரர் தன் மரத்தைத் தானே விற்றால் அது திருட்டு ஆகாது. அனுமதி வாங்கவில்லை என்பதற்கு எந்தப் பிரிவில் வழக்கு, எவ்வளவு அபராதம், லாரியைப் பறிமுதல் செய்ய யாருக்கு அதிகாரம் என்ற கேள்விகளுக்கு நிர்வாக ஆணை மட்டும் பதில் சொல்லாது. சட்டமன்றம் இயற்றும் சட்டம்தான் சொல்ல முடியும். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பலாவோடும் ஈரப்பலாவோடும் பெண்பனையும் அனுமதியின்றி வெட்டக்கூடாத மரமாக வைக்கப்பட்டது. பனையை மாநில மரமாக்கிய தமிழ்நாடு இத்தனை ஆண்டுகள் தாமதிப்பதை ஏற்க முடியாது.

அனுமதி கடுமையாக இருப்பதோடு நியாயமாகவும் இருக்க வேண்டும். இடி விழுந்து தலை கருகிய மரம், சிவப்புக் கூன்வண்டு குடைந்து குருத்து அழுகிய மரம், குடிசை மீது சாயும் மரம், உயர் அழுத்த மின்கம்பியைத் தொடும் மரம் ஆகியவற்றை வெட்டத்தான் வேண்டும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையில் உத்தரமும் கைமரமும் அறுத்துத் தன் வீட்டுக்குக் கூரை போடுவது தலைமுறைகளாக வந்த நியாயமான தேவை. இப்படித் தேவையுள்ள ஏழை விவசாயி ஒற்றை மரத்துக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடமும், வேளாண் அலுவலகத்திலும், ஆட்சியர் அலுவலகத்திலும் மாறி மாறி நிற்க, வயல் முழுவதையும் மொட்டையடிப்பவர் விண்ணப்பமே போடாமல் தப்பிக்கிறார். விதியை மதிப்பவரை மட்டும் வருத்தும் முறை விதியின் மீதே வெறுப்பை வளர்க்கும். செல்பேசியில் செயலியை இயக்கத் தெரியாதவருக்கு ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து விண்ணப்பம் வாங்கும் வசதி வேண்டும். பட்டுப்போன, ஆபத்தான மரத்துக்கு ஒரு வாரத்தில் முடிவு. வீட்டுத் தேவைக்கான ஓரிரு மரத்துக்கு ஒரு மாதத்தில் முடிவு. அதற்கு மேல் எத்தனை மரமானாலும் ஊராட்சியில் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, மரத்தை நேரில் பார்த்த பிறகே முடிவு. மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஒரு அதிகாரி குறிக்கப்பட வேண்டும்.

வருமானம் தராத மரம்தான் முதலில் விலைக்குப் போகிறது என்று மேலே சொன்னேன். 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கும் மாநிலத்தில் பதநீரும் கருப்பட்டியும் நுங்கும் கிழங்கும்தான் பனையின் வருமானம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்தி. ஏறுவதற்கு ஆள் இல்லாமல், சீவாத பாளையோடு நிற்கும் மரங்களுக்கு அந்தக் குறியீட்டால் பயன் வர வேண்டுமானால் பனையேறிகளுக்குக் காப்பீடும் கருப்பட்டிக்குக் கொள்முதல் விலையும் வேண்டும். அது தனியாக விரித்து எழுத வேண்டிய பொருள்.

அரசு அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே பனைப் பாதுகாப்புச் சட்ட முன்வடிவைக் கொண்டுவர வேண்டும். அனுமதியின்றி வெட்டினால் விற்றவருக்கும், வாங்கிய வியாபாரிக்கும், ஏற்றிச் சென்ற வண்டிக்காரருக்கும், எரித்த சூளை உரிமையாளருக்கும் தண்டனை அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். அதுவரை காத்திராமல் ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையைக் கூட்டித் தன் எல்லைக்குள் நிற்கும் பனைகளை எண்ணிப் பதிவேடு தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்செந்தூர் வட்டம்