மாறுகண் ராசி என்பது யார் சொன்ன கணக்கு?

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற பேச்சுதான் இது. குழந்தையின் ஒரு கண் மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ விலகி நிற்கிறது. பெற்றவள் பதறுகிறாள். வீட்டு ஆச்சி அடக்குகிறார்: "பிள்ளைக்கு அது ராசிட்டீ. வளர வளர சரியாயிரும்."

ராசி என்பது மூடநம்பிக்கை. வளர வளரச் சரியாகும் என்பது அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதில் உண்மையின் சாயல் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு முதல் மூன்று, நான்கு மாதங்கள் கண்கள் அவ்வப்போது நிலை தவறும், பிறகு ஒழுங்காகிவிடும். மூக்குத்தண்டு தட்டையாக இருக்கும் குழந்தைக்கு மாறுகண் இல்லாமலே இருப்பதுபோலத் தோன்றும். மூக்கு எடுப்பாக வளர்ந்ததும் அந்தத் தோற்றம் மறையும். இவற்றைப் பார்த்த அனுபவத்தைத்தான் பெரியவர்கள் எல்லாக் குழந்தைக்கும் பொருத்துகிறார்கள். நான்கு மாதம் கடந்த பிறகும் கண் விலகினால், மருத்துவரிடம் காட்டாமல் காத்திருப்பது குற்றம்.

காத்திருக்கும்போது என்ன நடக்கிறது? இரு கண்ணும் இரு திசையில் பார்த்தால் மூளைக்கு இரண்டு காட்சிகள் போகின்றன. குழப்பம் தீர, விலகிய கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கிவிடுகிறது. கண் நலமாகவே இருக்கும். அதன் பார்வை மட்டும் வளராமல் நின்றுவிடும். இதுதான் சோம்பல் கண். உலக அளவில் 100 குழந்தைகளில் ஓரிருவருக்கு இது உண்டு. வெளியே மாறுகண் தெரியாமல், ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடியிருந்தாலும் இது வரும்.

குழந்தை வாய்விட்டுச் சொல்லாது. மற்றக் கண்ணால் எல்லாம் தெரிகிறதே! ஆனால் நல்ல கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள்: சிணுங்கும், கையைத் தட்டிவிடும். பார்வை குறைந்த கண்ணை மூடினால் பேசாமல் விளையாடும். இன்னொன்று, உப்பளமும் கடற்கரையும் கண்ணைப் பறிக்கும் இந்த ஊரில் கவனிக்க வேண்டியது. வெயிலில் இறங்கியதும் எப்போதும் ஒரே கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளையை 'வெயில் கூசுது' என்று விட்டுவிடுகிறோம். வெளிப்பக்கம் விலகும் மாறுகண்ணுக்கு அது முக்கியமான அறிகுறி.

வைத்தியம் எளிது. தூரப்பார்வைக் கோளாறால் உள்பக்கம் விலகும் கண் பல குழந்தைகளுக்குக் கண்ணாடி போட்டாலே நேராகிவிடும். சோம்பல் கண்ணுக்கு நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, மற்றதற்கு வேலை கொடுப்பார்கள். நாள் முழுக்க மூட வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். நடுத்தர அளவுப் பாதிப்புக்குத் தினம் இரண்டு மணி நேரம் மூடியதும் ஆறு மணி நேரம் மூடியதும் ஒரே பலன் தந்ததை அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏழு வயதுக்குள் தொடங்குவது நல்லது. 12 வயது வரைகூடப் பலருக்குப் பலன் கிடைப்பதை 2005இல் வந்த மற்றொரு ஆய்வு காட்டியது.

"ஆபரேஷனில் கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள்" என்பது கட்டுக்கதை. கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் தேவையானதை மட்டும் இடம் மாற்றியோ சுருக்கியோ தைக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. சிறு குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய் சில நேரம் மாறுகண்ணாகத்தான் முதலில் தெரியும்; கருவிழி நடுவே, போட்டோ வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னுவதும் அதன் அடையாளம். சீக்கிரம் கண்டால் உயிரையும், பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம். ராசி என்று மகிழ்ந்திருக்கும் வீட்டில் அந்த நாட்கள் வீணாகின்றன.

பிழைப்புக்கும் இரண்டு கண்ணும் வேண்டும். தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் ஓய்ந்துவிட்டது. இன்று இங்கத்திப் பிள்ளைகள் கப்பல் வேலைக்கும் துறைமுகக் கிரேனுக்கும் கனவு காண்கிறார்கள். கப்பல் வேலைக்கு ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். அங்கே ராசி செல்லாது.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கண்ணைக் காட்டுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஆச்சிமாரே, பேரப்பிள்ளையின் கண் விலகினால் ராசி சொல்லாதீர்கள். அந்த வாரமே தூக்கிக்கொண்டு போங்கள்.