கெபாசிட்டரில் தங்கும் மின்சாரம்

கிணற்றடி மோட்டார் சுழலாமல் முனகிக்கொண்டு நின்றால், மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் கெபாசிட்டர் மேலேயே விழும். அதைக் கழற்றியெடுத்து மெக்கரில் பூட்டிப் பார்ப்பதும் நம் பட்டறைகளில் சகஜமாகிவிட்டது. 1903-இல் லண்டன் எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் கம்பெனியார் பதிவு செய்த அந்தப் பெயர், இன்று காப்புத் தடையை அளக்கும் கருவி எதற்கும் பொதுப்பெயராக வழங்குகிறது. அக்கருவியைக் கெபாசிட்டரின் மீது பிரயோகிப்பது குற்றமன்று. ஆனால் அப்பொழுது நாம் அளவெடுப்பதோடு நில்லாமல், அபாயமான அளவுக்குச் சக்தியை அதனுள் நிரப்பவும் செய்கிறோம் என்ற பிரக்ஞை, சோதிக்கிறவருக்கு ஆரம்பம் முதல் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

50 மைக்ரோபாரட் கெபாசிட்டரில் 500 வோல்ட்டை ஏற்றினால் ஆறேகால் ஜூல் சக்தி தங்குகிறது. 1000 வோல்ட்டை ஏற்றினாலோ அது 25 ஜூலாகிவிடும். ஆகையால் 440 வோல்ட் ஏ.சி. என்று குறித்த ரன்னிங் கெபாசிட்டருக்கு 500 வோல்ட் மெக்கருக்கு மேல் வேண்டியதில்லை. மோட்டாரைக் கிளப்புவதற்கு மட்டும் உதவும் ஸ்டார்ட்டிங் கெபாசிட்டரும், ரேடியோப் பெட்டிக்குள்ளிருக்கும் எலெக்ட்ரோலிடிக் வகையும் இச்சோதனைக்கு ஏற்றவையே அல்ல.

மெயினை அணைத்து, கெபாசிட்டரைச் சுற்றிலிருந்து பிரித்து, அதில் ஏற்கெனவே உள்ளதை வடித்த பிறகே மெக்கரைப் பூட்ட வேண்டும். கருவி ஒரு மில்லியாம்பியரே தருமானால், மேற்சொன்ன கெபாசிட்டர் 500 வோல்ட்டை எட்ட 25 விநாடி பிடிக்கும். அதுவரை முள் பூஜ்யத்தருகே கிடந்து மெல்ல மெல்ல எழுவது இயற்கையாதலால், பொறுமையற்றவர் அதை ஷார்ட் என்று முடிவுகட்டி நல்ல பொருளைக் குப்பையில் எறிந்துவிடுகிறார். தேங்கிய மின்சாரத்தைத் தானே வடிக்கும் வடிதடை உள்ளேயே அமைந்த கெபாசிட்டரோ எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் குறைந்த அளவையே காட்டும். இதை அறியாமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம். கைப்பிடி மெக்கரானால், சுழற்றிக்கொண்டிருக்கும்போதே கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும். கையை நிறுத்திய பின் கழற்றலாமென்றிருந்தால், ஏறிய மின்சாரம் கருவிக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்து அதைப் பழுதாக்கக்கூடும்.

பலர் இதற்குப் பின் ஸ்குரூடிரைவரை இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்க வடிக்கிறார்கள். முனை தீய்வதோடு உள்ளிருக்கும் மெல்லிய தகட்டுக்கும் அது கேடு. பத்து கிலோ ஓம் கம்பிச்சுற்றுத் தடையொன்றைக் காப்பிட்ட கிளிப்புகளுடன் பத்து விநாடி இணைத்தால் அதே காரியம் சாந்தமாக முடிந்துவிடும், பின்பு டி.சி. வோல்ட்மீட்டரால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1746-இல் லெய்டன் நகரத்து விஞ்ஞானி முஷன்புரூக் தம் உடலில் அதிர்ச்சி பாய உணர்ந்த, கெபாசிட்டரின் மூதாதையான கண்ணாடி ஜாடி முதல் இன்றைய பிளாஸ்டிக் படலம் வரை, முனைகளுக்கிடையேயுள்ள காப்புப் பொருள் தான் உட்கொண்டதை முழுவதும் ஒரே தடவையில் விட்டுவிடுவதில்லை. வடித்து வைத்த கெபாசிட்டரின் முனைகளில் சிறிது நேரத்தில் வோல்ட் மீண்டும் தலைதூக்கும். பெரிய கெபாசிட்டரில் அந்த எச்சமே கையை உதறச் செய்யும். ஆதலால் சோதித்து முடித்ததும் இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் பிணைத்து, மோட்டாரில் மறுபடி பூட்டும் வேளை வரையில் அந்தப் பிணைப்பை அவிழ்க்காமலே வைத்திருக்க வேண்டும்.